ஞாயிற்றுக்கிழமையை மறந்த மரியஜான்

கண் தெரியாத பிள்ளையோடு ஒரு தகப்பன் கருங்கல் சந்தையில் திகைத்து நின்றால், அந்த நாளில் யாராவது கிட்டே வந்து சொல்லிவிடுவார்கள்: "தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிழக்க, கடப்புறத்துல மரியஜான்னு ஒருத்தன் உண்டு. அவன ஒண்ணு போய்ப் பாரும்."

பனையேறி செல்வதாஸ் 1938ஆம் வருஷம் அப்படித்தான் வந்து சேர்ந்தார். ஆறு மாதக் குழந்தை தோளில் கிடந்தது. மருந்து சொல்வான், இல்லை மந்திரமாவது சொல்வான் என்று நம்பி ஒன்பது மைல் நடந்து வந்தவரிடம் மரியஜான் கேட்ட முதல் கேள்வி இது: "உங்க ஊர்ல ஞாயித்துக்கிழம என்னென்ன சத்தம் கேக்கும்?"

ஆளுக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது போல என்று செல்வதாஸ் நினைத்துக்கொண்டார். அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால், ஊரே பார்த்திருக்க மரியஜானின் உயிர் தொண்டைக்குழியில் வந்து நின்ற ஒரு காலைப்பொழுது இருந்தது. அதைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும்.

மரியஜான் கட்டுமரக்காரர். கையும் நீளம், காலும் நீளம், வாய் அதைவிட நீளம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அவருக்கும் வேளாங்கண்ணிக்கும் பிறந்த ஒற்றை மகள் எலிசா. இரண்டு வயதில் அவளுக்குப் பெரியம்மை போட்டது. உயிரை விட்டுவிட்டுக் கண் இரண்டையும் வாங்கிக்கொண்டு போயிற்று. வேளாங்கண்ணி வீட்டில் இருந்து அழுதாள். மரியஜான் கடலில் போய், வேறு கட்டுமரம் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு வாரம் வயிறு நிறைய அழுதார்.

எட்டாம் நாள் அவர் கரையேறி வந்தபோது எலிசா அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். சுவரைத் தடவித் தடவிப் போய், உறியை எட்ட முடியாமல், கீழே மூடி வைத்திருந்த சட்டியைத் திறந்து, பொரித்த சாளையை முள்ளோடு தின்றுகொண்டிருந்தாள். மரியஜான் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"மூக்கு வேல செய்யுது, கை வேல செய்யுது, களவும் தெரியுது. எனக்க மகளுக்கு என்னட்டி குற?" என்று வேளாங்கண்ணியைக் கேட்டார். அதோடு அந்த வீட்டில் அழுகை ஓய்ந்தது.

ஆனால் அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. கண் தெரியாத பிள்ளையை வளர்த்த ஆள் அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை. மூன்று வருஷம் குருட்டாம்போக்கில் ஓட்டினார். அப்போதுதான் தேங்காய்ப்பட்டணத்துக் கருவாட்டு வியாபாரி சேக் முகம்மது வந்தார்.

வந்தவர் தனியாக வரவில்லை. ஏழு வயது மகள் சுலைகா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. மரியஜான் விரித்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு பிடி அள்ளி, விரலால் உருட்டி, முகர்ந்து பார்த்து, "வாப்பா, இது மழயில நனஞ்சு ரெண்டாவது ஒணங்கினது" என்றாள்.

உண்மைதான். முந்தாநாள் மழையில் நனைந்ததை மரியஜான் யாருக்கும் தெரியாமல் காயவைத்திருந்தார். வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் கரை அதிரச் சண்டை போட்டிருப்பார். அன்றைக்கோ அந்தப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வேளாங்கண்ணி, ஓடி வா! இஞ்ச வந்து இவளப் பாரு!" என்று கூப்பாடு போட்டார். கருவாடு விற்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

அன்று முதல் வியாழக்கிழமைதோறும் சேக் முகம்மது வருவார். கருவாடு ஒரு சாக்கு. இரண்டு தகப்பன்மாரும் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து, தெரிந்ததைக் கொடுத்துத் தெரியாததை வாங்கிக்கொள்வார்கள். சோற்றில் மீன்துண்டை எப்போதும் கிண்ணத்தின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளை தேடாது என்று சேக் முகம்மது சொன்னார். ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கவிட்டால் கடல் எந்தப் பக்கம் சரிகிறது என்று உள்ளங்கால் சொல்லிவிடும் என்று மரியஜான் சொன்னார். சண்டையும் வரும். மகளைத் தன் விரல் நுனியை விட்டு அனுப்பச் சேக் முகம்மதுக்கு மனம் வராது. "காக்கா, நீரு அவள வளக்கல்ல, சொமக்கீரு" என்று அண்ணன் முறை வைத்தே சொல்வார் மரியஜான். "உனக்கு நெஞ்சுக்குள்ள கல்லு" என்பார் அவர். பிள்ளைகள் இரண்டும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு மணலில் உருளும்.

எலிசாவுக்கு எட்டு வயதாகிப் புதுநன்மை வாங்கும் காலம் வந்தது. அந்த ஊரில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முதன்முதல் நற்கருணை வாங்கும் பிள்ளையை அன்று காலையில் யாரும் கைபிடித்துக் கூட்டிப் போகக் கூடாது. தாயும் தகப்பனும் முன்னாலேயே போய்க் கோயில் முற்றத்தில் நிற்பார்கள். பிள்ளை தானாகவே வீட்டை விட்டு இறங்கி, தானாகவே கோயில் படி ஏற வேண்டும். கூப்பிடவும் கூடாது, கூப்பிட்டால் அது கைபிடித்தது போலத்தான்.

பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் கோயில் உபதேசியார் நல்ல மனுஷன். "மரியஜானே, எலிசாவுக்கு ஜெப மந்திரமெல்லாம் தண்ணிபட்ட பாடு. வழக்கத்தை அவளுக்காக மாத்திக்கிடலாம். அம்மைக்க கையப் பிடிச்சு வரட்டு" என்றார்.

மரியஜான் பதில் சொல்வதற்குள் எலிசா சொன்னாள்: "எல்லாரும் ஒத்தைக்குத்தான வருகினும்? நானும் ஒத்தைக்கே வாறேன்."

மகள் சொன்னது சந்தோஷமாக இருந்தாலும் மரியஜான் நினைத்தது வழியைத்தான். வீட்டிலிருந்து மேற்கே கடற்கரையோடு முந்நூறு எட்டு எடுத்து வைத்து நடக்க வேண்டும். அப்புறம் வலப்பக்கம் திரும்பி மேட்டில் ஏற வேண்டும். திரும்பும் இடத்தில் மரமில்லை, கல்லில்லை, வெறும் மணல். தவறவிட்டால் நேரே பொழிமுகம். ஆறு கடலில் விழும் ஆழத் தண்ணீர். ஆனால் அன்றைக்கு யாராவது கைபிடித்தால், சாகும்வரைக்கும் அவளுக்கு யாராவது கைபிடிக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தனக்குப் பிறகு யார் பிடிப்பார்கள்?

யோசித்து யோசித்துக் கடைசியில் தன் தொழிலிலேயே வழி கண்டார். நடுக்கடலில் மீன் கிடக்கும் பாறையைக் கட்டுமரக்காரன் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. கணிச்சம் என்பார்கள். கரையில் கோயில் கோபுரம் ஒரு பனைக்கு நேரே வர வேண்டும். இன்னொரு பக்கம் மலைமுடி ஒரு மேட்டுக்கு நேரே வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வரும் இடத்தில் தூண்டிலைப் போட்டால் கீழே பாறை. கண்ணுக்கு இரண்டு அடையாளம் என்றால், காதுக்கும் இரண்டு அடையாளம் போதாதா?

ஒன்று கடல். அது எப்போதும் இடது பக்கம் இரையும். இன்னொன்று, கோயிலுக்குப் பின்னால் காயல் ஓரத்தில் செல்லபாய் என்பவளும் வேறு நாலு பெண்களும் கயிறு திரிப்பதற்காக தொண்டு என்னும் ஊறின தேங்காய் மட்டையைக் கட்டையால் அடித்துத் தல்லும் சத்தம். காலை முதல் தொப்தொப்பென்று கேட்டுக்கொண்டே இருக்கும். கோயில் மணி இதற்கு உதவாது. அது ஊர் முழுக்க நிறைந்து நிற்கும், திசை பிடிபடாது.

"தல்லுத சத்தம் வலது காதுக்கு நேர வந்தா நில்லு. திரும்பு. சத்தத்த நெத்திக்கு நேர வாங்கிட்டு நட. எம்பது எட்டுல கோயில் படி" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு மாதம், கடலுக்குப் போன நாளெல்லாம், வந்த கையோடு பழக்கினார். முதல் வாரம் எலிசா வலைக்குவியலில் போய் விழுந்தாள். இரண்டாம் வாரம் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து புட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்தாள். மூன்றாம் வாரம் பிசகவே இல்லை. செல்லபாய் ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவள். தல்லும்போது இடையிடையே தும்முவாள். அந்தத் தும்மலைக்கூட எலிசா கணக்கில் சேர்த்துக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் சுலைகாவும் கூட நடந்து பழகினாள். பார்த்துக்கொண்டே பின்னால் வந்த சேக் முகம்மதுக்கு வேர்த்துக் கொட்டும்.

சனிக்கிழமை எலிசா யார் துணையும் இல்லாமல் கோயில் படிவரைக்கும் போய், திரும்பியும் வந்துவிட்டாள். மரியஜான் மீசையை முறுக்கிக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முற்றத்தில் ஊரே நின்றது. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மரியஜானுக்கு ஒரு பக்கம் வேளாங்கண்ணி. மறுபக்கம் புதுப் புடவையும் முக்காடுமாக ஒரு பெண். அவள் தும்மினாள். மரியஜான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். செல்லபாய்!

அப்படியானால் காயல் ஓரத்தில் தல்லுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் யாரும் வேலை செய்வதில்லை. தொண்டு தல்லுவதும் இல்லை. பிறந்தது முதல் தெரிந்த விஷயம். கடலில் இருபது வருஷம் கணிச்சம் பார்த்த மனுஷனுக்கு அது நினைவில்லாமல் போயிற்று. மலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பனைக்கும் கிடையாது, செல்லபாய்க்கு உண்டு. எலிசாவுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வாயாடிக்கொண்டே பூசைக்கு வருவாள். கை இருக்கும்போது காதை யார் கேட்கிறார்கள்?

"ஐயோ, நான் இஞ்சயில்லா நிக்கேன்!" என்று செல்லபாயும் நெஞ்சில் கைவைத்தாள். ஓடிப் போகலாம் என்றால் காயல் ஓரம் சுற்றிப் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கீழே கடற்கரையில் வெள்ளைப் பாவாடை தெரிந்தது. எலிசா நிமிர்ந்து, பதறாமல் நடந்து வந்தாள். திரும்பும் இடம் நெருங்கியதும் நடை மெதுவாயிற்று. தலையை வலப்பக்கம் சாய்த்தாள். கடல் மட்டும் இரைந்தது. இன்னும் இடம் வரவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மேலே நடந்தாள். ஐந்து எட்டு. பத்து எட்டு. உபதேசியார், "பாவம், நான் போய்க் கூட்டிட்டு வாறேன்" என்று செருப்பைக் கழற்றினார்.

"கொஞ்சம் பொறும்" என்றார் மரியஜான். எதற்காகப் பொறுக்கச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கூப்பிட வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

தொப். தொப்... தொப்தொப். தொப்.

சத்தம் காயல் பக்கமிருந்து வந்தது. தல்லத் தெரியாத கை. ஒரு அடி தொண்டில், ஒரு அடி கல்லில். எலிசா நின்றாள். காதைக் கொடுத்தாள். அப்புறம் அங்கேயே நின்று கலகலவென்று சிரித்தாள்.

யார் தல்லியது என்பது பூசை முடிந்துதான் தெரிந்தது. விருந்துக்கு அழைத்திருந்ததால் சேக் முகம்மது வெள்ளைச் சட்டை போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, வாழைப்பழக் குலையோடு காயல் வழியாக வந்துகொண்டிருந்தார். தொண்டுக் களத்தைத் தாண்டும்போது சுலைகா சட்டென்று நின்றாள். "வாப்பா, இன்னைக்கு இஞ்ச ஆரும் தல்லலியே. எலிசா எப்படித் திரும்புவா?" கண் உள்ள ஓர் ஊரே மறந்ததை அந்தப் பிள்ளையின் காது கண்டுபிடித்துவிட்டது. குலையைப் போட்டுவிட்டு ஓடினார் மனுஷன். குழியில் கிடந்த தொண்டு ஒன்றை இழுத்துக் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்தார். கறுத்த நாற்றத் தண்ணீர் சட்டை, தாடி, தொப்பி எல்லாவற்றிலும் தெறித்தது. ஓர விரலை வேறு நசுக்கிக்கொண்டார். அன்றைய விருந்தில் அவர் பக்கத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. மரியஜான் மட்டும் ஒட்டி உட்கார்ந்து, புட்டைப் பிசைந்து அவர் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே இருந்தார்.

இதெல்லாம் பிறகு தெரிந்த கதை; அப்போது கடற்கரையில் எலிசா சிரித்து முடித்து, வந்த வழியே பத்து எட்டுத் திரும்பி நடந்தாள். சத்தம் காதுக்கு நேரே வந்தது. திரும்பி, அதை நெற்றியில் வாங்கிக்கொண்டு மேடேறினாள். படிக்குப் பக்கத்தில் வந்தவள் நேரே உள்ளே போகாமல் சற்று விலகி வந்து, மரியஜானின் கையைச் சரியாகப் பிடித்தாள்.

"நான் வாயே தொறக்கலியே மக்கா. என்னய எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

"ஒரு பக்கம் அம்ம அழுகா. மறுபக்கம் செல்லபாய் அத்தை தும்முகா. நடுவுல நீதான நிப்ப?"

சொல்லிவிட்டுக் கையை இழுத்தாள். மரியஜானுக்குக் கண்ணில் நீர் முட்டி எதிரே ஒன்றும் தெரியவில்லை. முதல் படியிலேயே தடுக்கினார். "படி இருக்கு அப்பா, பைய" என்றாள் எலிசா. தகப்பன் பிள்ளையின் கையைப் பிடிக்கக் கூடாது என்பதுதான் வழக்கம். பிள்ளை தகப்பனின் கையைப் பிடிக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. உபதேசியாரும் கேட்கவில்லை. அவர் ஒதுங்கி நின்று வழிவிட, எலிசா தன் அப்பாவைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.