எலிக்காய்ச்சலும் என் மேற்கோள்களும்

தொற்றுநோய் ஆராய்ச்சி என்பது, காய்ச்சல் வராத வருஷத்தில் யாரும் கண்டுகொள்ளாத, வந்த வருஷத்தில் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிற தொழில்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் என் உத்தியோகக் காலம் முழுவதும் எலிக்காய்ச்சலோடு போனது. வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கிறது; சேற்றுப்புண் உள்ள காலோடு நடவுக்கு இறங்கினால் கிருமி உள்ளே போகிறது. சொல்ல இரண்டு வரிதான். நிரூபிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. ஆராய்ச்சி என்று அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரத்தம் கேட்டுப் போனது

திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா நடவு நேரம். காய்ச்சல் வந்து தேறிய பெண்களை வரப்பில் நின்று கூப்பிட்டேன். கரையேறி, கை கழுவி, நீட்டினார்கள். மாரியம்மாள் மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். முந்தைய வருஷம் வேறொரு குழு வந்து ரத்தம் எடுத்துப் போனதாம். முடிவு சொல்ல யாரும் திரும்பி வரவில்லையாம்.

"நான் வந்து சொல்வேன்" என்றேன். அறுவடைக்கு முன் போய்ச் சொல்லவும் செய்தேன். ஆனால் அன்று கையை நீட்டிக்கொண்டே அவள் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"எடுத்துக்குங்க. வர்றவங்க எல்லாம் ரத்தத்த எடுத்துட்டுப் போறீங்க, காய்ச்சல மட்டும் எங்ககிட்டயே விட்டுட்டுப் போயிடுறீங்க."

ஜெசிந்தா கிளம்பினாள்

என் முதல் ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மெதுவாக வளரும் இந்தக் கிருமியைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டவள். கரண்ட் போனால் எங்கிருந்தாவது ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடி வருவாள். தெருவுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் ஒரு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. சிபாரிசுக் கடிதம் எழுதியது நான்தான். எழுதிவிட்டு, ஐஸ் எங்கே வாங்குகிறாள் என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் போன் செய்தாள்.

"மேடம், இங்க கரண்டே போறதில்ல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

முதல் மேற்கோள்

என் கட்டுரையை வெளிநாட்டு ஆய்வு ஒன்று மேற்கோள் காட்டியிருப்பதாகத் தெரிந்தது. பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து, வழியில் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு துறைக்கு வந்தேன். எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். "பங்கேற்றவர்கள் மிகக் குறைவு என்பதால் இம்முடிவுகளை ஏற்பதற்கில்லை" என்கிற பொருளில் ஒரே வாக்கியம். அடிக்குறிப்பில் என் பெயர்.

ஓய்வை எதிர்நோக்கியிருந்த துறைத் தலைவர் வாங்கிப் பார்த்தார். வாயில் மைசூர்பாகு.

"திட்டினாலும் பேரைச் சரியா எழுதியிருக்காங்கம்மா. என்னைப் பாராட்டினவன் இனிஷியலையே மாத்திட்டான்."

செல்வி

சாப்பாட்டு மணிக்காக எல்லோரும் காத்திருந்த ஒரு கூட்டத்தில் நான் பேசியதை, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருவர் மட்டும் கவனித்துக் கேட்டிருக்கிறார். அடுத்த மழைக்காலத்தில் அவரிடமிருந்து போன். செல்வி என்று ஒரு நடவுப் பெண். காய்ச்சல், சிவந்த கண், கெண்டைக்கால் வலியில் நிற்க முடியவில்லை. மஞ்சள் காமாலை என்று பச்சிலை கொடுக்க அழைத்துப் போகப் பார்க்கிறாள் மாமியார். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை.

"ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்கவா மேடம்?"

"வேண்டாம். பென்சிலின் இப்பவே போடுங்க. போட்டுட்டு இங்க அனுப்புங்க" என்றேன்.

மாமியாரிடமும் போனிலேயே கெஞ்சினேன். தஞ்சாவூருக்கு வந்தபோது செல்விக்குச் சிறுநீர் குறைந்திருந்தது. ஆய்வகத்துக்காரிக்கு வார்டில் வேலை இல்லை. ஆனாலும் தினமும் காலையில் போய் நின்றேன். சிறுநீர் சரியாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் சொன்ன அன்று, பின்படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குப் போகும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டாக்டரம்மா, எலிக்காய்ச்சல்னா ஊர்ல சிரிக்கிறாங்க. வேற நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க, மவனுக்குச் சொல்லணும்."

பதவி உயர்வு

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். எத்தனை மேற்கோள்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். அவ்வளவுதானா என்று ஒருவர் மறுபடி கேட்டார். செல்வியைப் பற்றிச் சொன்னேன். அந்த வட்டாரத்தில் இப்போது முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பிக்கிறார்கள் என்றும் சொன்னேன். மூவரில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி மதிப்பெண் படிவத்தின் மேல் வைத்துவிட்டு, உண்மையான பரிவோடு பேசினார்.

"அருமையான வேலைம்மா. இதை எந்தக் கட்டத்துல போடறதுன்னுதான் எனக்குத் தெரியல."

நான் துரத்திய கிருமி பரவிய வேகத்தில் பாதியாவது என் கட்டுரைகளுக்கு இருந்திருந்தால், பேராசிரியராகவே ஓய்வு பெற்றிருப்பேன்.