நாலு விரல் தூரம்

திருவிடந்தைப் பக்கம் எங்கள் சின்னக் கம்பெனியில், கார்டைக் காட்டினால் கதவு திறக்கும் கருவி செய்தோம். அதைச் சோதித்துப் பார்க்கும் அம்மாள் ஒல்லி; குரல் மட்டும் தடி. ஸ்கேல் பக்கத்திலேயே கிடந்தாலும், கார்டு படிக்கும் தூரத்தை விரல் வைத்துத்தான் அளப்பார். நாலு விரலுக்கு மேல் ஒரு நூல்கூட விடமாட்டார்.

எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் ஒருநாள் வந்து, "பவரை ஏத்தும்மா. பாக்கெட்டுல இருந்தே படிக்கணும்" என்றார். நான் ஸ்க்ரூ தேடும் சாக்கில் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன்.

"ஏத்துனா, உள்ள சும்மா நடந்து போறவரு கார்டையும் படிச்சிடும் சார். வெளிய நிக்கிற திருடனுக்குக் கதவு தொறந்துக்கும்."

"ஆர்டர் வேணுமா, வேணாமா?"

"உங்களுக்குப் பூட்டு வேணுமா, வேணாமா?"

ஆர்டர் போயிற்று. "அவரு போயிட்டாரு, வெளிய வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அம்மாள் டிபன் டப்பாவைத் திறந்தார்.

சம்பளமே சந்தேகமாகிவிட்ட அந்த மத்தியானம், அவருக்குத் தயிர்சாதம் எப்படி இறங்கியது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.