கண்ணாடிக்காரரின் கறுப்புக் காய்கள்

கண்ணாடியின் மூக்குத் தாங்கியில் திருகை முடுக்கிக்கொண்டே, எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்காமல், "போன தடவ உங்களுக்கு இடது கண்ணுலதானே பவர் ஏறிச்சு?" என்று கேட்பார் கண்ணாடிக்காரர். "ஆமா" என்று பதில் வந்ததும் அவருடைய தோள்கள் லேசாக இறங்கும். வாடிக்கையாளர்கள் இதை அக்கறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணினியில் தட்டினால் தெரிந்துவிடுகிற விஷயத்தை இவர் ஏன் வாய்விட்டுக் கேட்கிறார் என்பது எனக்கே வெகுநாள் புரியவில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் ஒரு கண்ணாடி, இரண்டும் இருக்க மூன்றாவதை மேசையில் தேடுவார். அதைச் சொல்லிச் சிரித்தால் முன்பெல்லாம் அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது சட்டென்று தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

சாயங்காலங்களில் எங்கள் செஸ் கிளப்புக்கு வருவார். நூலகத்து மாடியில் இருக்கும் ஒற்றை அறை அது. சீட்டுக் குலுக்கிப் போடும் முன்பே கறுப்புக் காய்களின் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். "வெள்ளைன்னா நாம போற வழி. கறுப்புன்னா வர்றவன் எந்த ரூபத்துல வருவான்னு தெரியாது. அதத்தான் பழகிக்கணும்."

ஒரு காலத்தில் அவர் கறுப்பில் ஆடினால் வெள்ளை அலறும். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்துவைத்த தாக்குதல் ஆட்டம், ஒரு நூல் பிசகினாலும் ஆடுகிறவரையே கவிழ்த்துவிடும். ஒரு போட்டியில் பாதி வழியில் எல்லாம் துடைத்துவிட்டாற்போல ஆனது. "அடுத்தது என்னன்னு மறந்திருந்தா பரவால்ல சார். இந்த எடத்துக்கு ஏன் வந்தேன்னே தெரியல" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

அதன் பிறகு கடையை மூடிய கையோடு பலகையை விரித்து, தனக்கென்று ஒரு தொடக்கத்தைக் கட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்ப்பார். நடுவில் ஒன்றை மறந்தால் உடனே தோல்வியா? அப்படியானால் வேண்டாம். கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது ரொம்ப எளிமையானது. எதிராளி எதைத் தள்ளினாலும் பதில் ஒன்றே. ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் ஒரு கட்டம். ராணிக்கு முன்னால் நிற்பது இரண்டு கட்டம். பிறகு அந்த மந்திரி வெளியே. மந்திரி வெளியே வந்தபின், அது வந்த வழியை அடைத்தாற்போல ராஜாவின் சிப்பாய் ஒரு கட்டம். "மந்திரி வெளிய வந்தப்புறம்தான் கதவச் சாத்தணும். இது ஒண்ணுதான் ஞாபகம். மத்ததெல்லாம் கையே பாத்துக்கும்."

"கண்ணாடிக்காரரு கறுப்பு எடுத்தா நாம டீ குடிச்சிட்டு வரலாம். காயெல்லாம் அங்கேயேதான் நிக்கும்" என்று கிளப்பில் கேலி செய்வார்கள். அவருக்குக் கோபமே வராது. நிற்பதுதானே அவருக்கு வேண்டியிருந்தது.

அவர் வீட்டுக்குப் போனபோதுதான் அவருடைய அக்காவைப் பார்த்தேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவராம். ஊரில் பாதிப் பேருடைய எண்ணும் அந்தம்மாவின் நாக்கு நுனியில் இருந்ததாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா, தம்பி சாப்பாட்டுத் தட்டை நீட்டியதும், "நீங்க யாரு வீட்டுப் பிள்ளப்பா? நல்லா இருக்கணும்" என்றார். "உங்க வீட்டுப் பிள்ளதான்க்கா" என்று சொல்லி ஊட்டினார் இவர். என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தவர், "எங்கம்மாவுக்கும் இதே வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றார். யாருக்கு எந்த வயது என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் பக்கத்து ஊர் கிளப்போடு போட்டி. அவருக்கு எதிரே ஒரு லாரி ஓட்டுநர். ஒவ்வொரு காயையும் டப்பென்று சத்தம் வர வைக்கிறவர். நான் அடுத்த மேசையில் இருந்தேன். முதல் சிப்பாய், இரண்டாவது சிப்பாய், எல்லாம் வழக்கம்போல. அடுத்து அவர் கை இயல்பாக நீண்டு ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தியது. மந்திரி இன்னும் உள்ளேயே இருந்தது.

அது தப்பான ஆட்டமே இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் விரும்பி ஆடுகிற அமைப்புதான். லாரி ஓட்டுநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடிக்காரர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதை மேசைக்குக் கீழே கொண்டுபோய் முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் முழு ஆட்டத்தையும் இடது கையால் ஆடினார். பொறுமையாக, காய் காயாக அவிழ்த்து, கடைசியில் ஜெயித்தும்விட்டார்.

"பிரமாதம் சார்! மூச்சு விட முடியாம பண்ணிட்டீங்க" என்று லாரி ஓட்டுநர் தோளில் தட்டிவிட்டுப் போனார். கிளப்பே கூடிக் கைதட்டியது. படிக்கட்டில் கண்ணாடிக்காரர் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"பாத்தீங்கல்ல?"

"ஜெயிச்சிட்டீங்களே, அப்புறம் என்ன?"

"அத விடுங்க. கதவச் சாத்திட்டேன் சார். இருந்ததே அது ஒண்ணுதான்."

எல்லாருக்கும் வருகிற கவனப்பிசகுதான் என்றேன். நானும்தான் கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கக்காவும் இதத்தான் சொன்னாங்க" என்றார்.

நரம்பு மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். "வீட்டுல சொல்லல. அக்காவுக்குக் காட்டணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று அக்காவையும் அழைத்து வந்திருந்தார். சுவரோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் மூவரும் உட்கார்ந்தோம். அக்கா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். இவர் வாய்க்குள்ளேயே தேதியையும் கிழமையையும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒருமுறை கிழமை இடறி, என்னைத் திரும்பிப் பார்த்தார். வியாழன் என்றேன். தலையாட்டினார்.

செவிலி கதவைத் திறந்து கண்ணாடிக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்.

அக்காவின் விரல்களைத் தன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தெடுத்தார். அந்தக் கையை அப்படியே கொண்டுவந்து என் கைக்குள் வைத்து மூடிவிட்டு, எழுந்து உள்ளே போனார்.