செல்வராணி சொன்னதாகச் சொன்னது

பௌதிகம் படிப்பிக்கிறவனுக்கு நாளைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று தெரியும். நாளைக்கு வகுப்புக்கு யார் வரமாட்டார்கள் என்று தெரியாது. உங்களில் விரிவுரை செய்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். செல்வராணி படிப்பை விட்டுப் போனதற்கு எனக்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலும் இருக்கவில்லை.

வெள்ளைத்தாளில் சூரியன்

மாத்தளைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்தவள் அவள். ஒருமுறை மாணவர்களை மாத்தளைக்கு வடக்கே இருக்கும் நாலந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சூரியப் புள்ளிகளைக் குறிக்கவைத்தேன். தொலைகாட்டிக்குள் யாரும் பார்க்கக் கூடாது. பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, அதில் விழும் சூரியனைத்தான் பார்க்க வேண்டும். மாத்தளை டவுன் பையன் ஃபாரூக் அவசரப்பட்டுக் கண்ணையே வைக்கக் குனிந்தான். அவனை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே கூப்பிடும் செல்வராணி அவன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு வேணாம்னா எனக்குத் தாங்க நானா. நாலு கண்ணால படிச்சு உங்களுக்கும் சேர்த்துப் பாஸ் பண்றேன்."

வழு

எந்த அளவை எழுதினாலும் அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். அதை வழு என்போம். எழுத மறக்காதவள் அவள் ஒருத்திதான். பட்டம் முடிந்ததும் வானியல் படிக்கிறாயா என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. ஆனால் தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தின்படி, அவள் அப்பா குடும்பத்தோடு அங்கே போக எழுதிக் கொடுத்திருந்தார். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"மேல படிக்கத்தான் சேர் ஆசை. எந்த நாட்டுலன்னு கேட்டீங்கன்னா, வழு ஒரு கடல் அளவு வரும்."

மாத்தளை ஸ்டேசன்

இறுதிச் சோதனை நெருங்கியபோது அவள் வரவில்லை. சோதனை முடியும்வரை அவளை மட்டுமாவது இங்கே இருக்கவிடும்படி மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஃபாரூக் வந்தான். காலையில் மாத்தளை ஸ்டேசனில் பெட்டி படுக்கையோடு அவள் குடும்பமே ரயிலுக்கு நின்றதாம்.

"பேசினேன் சேர். படிப்புச் சலிச்சுப் போச்சாம். சேர் ஒண்ணும் முயற்சி பண்ண வேணாம்னு சொல்லச் சொன்னிச்சு."

பேனாவை மூடிவிட்டேன்.

பிளேன்டீ

ஃபாரூக் இப்போது உக்குவளையில் ஆசிரியன். போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். சலிப்பு என் வகுப்பில்தான் வந்ததா என்று யோசித்து யோசித்து நான் களைத்திருந்தேன். அதை அவனிடமே கேட்டேன்.

"இன்னும் அதையே நினைச்சிட்டு இருக்கீங்களா சேர்? டீ ஆறுது, குடிங்க."

சோதனைக்கூடத்தில் என்றால், எந்தச் சூழலில் எடுத்த அளவு இது என்று அன்றே கேட்டிருப்பேன். மனிதர் விஷயம் என்பதால் இத்தனை வருடம் பிடித்தது.

"ஃபாரூக், அதைச் சொல்லும்போது அவளோட அப்பா பக்கத்துல நின்னாரா?"