பினாயில் குடித்த தொட்டி

அறுபதுகளில் தஞ்சாவூர் ரோட்டோரம், சாக்கடையில் படியும் கசடைச் செரிக்க வைக்க ஒரு மூடிய தொட்டி கட்டினார்கள். காற்றுப் புகாமல் அடைத்துவைத்தால் கிருமிகள் கசடைத் தின்று, எரியும் வாயுவைக் கொடுக்கும். சுகாதார ஆய்வாளனான நான் இதைப் பாடத்தில் படித்துத் தேறியிருந்தேன். நம்பவும் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

வாயு வரத் தொடங்கிய சமயம் மேலதிகாரி பார்வையிட வந்தார். அதிகாரி வருமுன் கண்ட இடமெல்லாம் பினாயில் ஊற்றுவது எங்கள் துறையின் நித்திய பூஜை. எங்கள் துப்புரவு மேஸ்திரி தொட்டிக்குள்ளேயே ஊற்றிவிட்டார். அதிகாரி வாயு வரும் குழாயில் தீக்குச்சி காட்டினார், பற்றவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள எரியலைன்னா மண்ணைக் கொட்டி மூடிடுங்க. நீங்க மறுபடி ரோடு அளக்கப் போகலாம்" என்று, தொட்டியைக் கட்டிய இன்ஜினீயரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஸ்ரீரங்கத்துக்காரரான இன்ஜினீயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ள இருந்ததெல்லாம் செத்துப்போச்சேய்யா!"

"கிருமிதானேங்க சார்? அதைக் கொல்லத்தானே நமக்குச் சம்பளமே?" என்றார் மேஸ்திரி.

தொட்டியைக் காலி செய்து, புதுக் கிருமிகளுக்காகச் சாணம் கரைத்து ஊற்றினோம். "இதுகள் பச்சைக்குழந்தை மாதிரி. கசடை வேக வெச்சுக் குழைச்சுக் கொடுத்தாத்தான் சீக்கிரம் செரிக்கும்" என்றார் இன்ஜினீயர்.

அண்டா வாடகைக்கு எடுக்க மேஸ்திரியும் நானும் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனோம்.

"என்ன விசேஷங்க? எத்தனை பேருக்குச் சமையல்?" என்றார் கடைக்கார பாய்.

"ஊரே சாப்பிட்டு முடிச்சதுங்க பாய். அதைத்தான் மறுபடி வேக வைக்கணும்" என்றார் மேஸ்திரி.

விஷயம் புரிந்ததும் அண்டா கடைக்குள் திரும்பிப் போய்விட்டது. கடைசியில் ரோட்டுக்குத் தார் காய்ச்சும் பீப்பாய்தான் கிடைத்தது.

அடுப்பேற்றும்போது கரண்டி நிற்குமளவு கெட்டியாக இருந்த கசடு, வேக வேகக் குழைந்து தண்ணீராய் ஓடியது. நாற்றத்தை மறந்து குனிந்து பார்த்தேன். கசடில் கணிசமான பகுதி நுண்ணுயிர்களின் உடல்தானாம். சூட்டில் அவற்றின் தோல் வெடித்து உள்ளிருப்பது வெளியே வருகிறது என்றார் இன்ஜினீயர். ஆறவைத்துத் தினமும் கொஞ்சமாக ஊட்டினோம். முதலில் ஓர் அசைவும் இல்லை. பிறகு ஒரு நாள் காலை, வாயு சேர்ந்தால் உயரும்படி தொட்டியின் மேல் மிதந்த இரும்பு மூடி விரலளவு உயர்ந்திருந்தது. இன்ஜினீயர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்து தீக்குச்சி காட்டினார். வெயிலில் எதுவும் தெரியவில்லை. குழாயருகே கையைக் கொண்டுபோனவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்த நீலச் சுடர் எங்கள் கண்ணில் பட்டது.

"சரி, நடத்துங்க" என்றார் இன்ஜினீயரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "வேக வெச்சது எந்த விதிப்படி?" என்று கேட்டார்.

அத்தனை விதிகளும் எனக்கு மனப்பாடம். ஆனால் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் இருட்டில் உண்டுகொண்டிருந்தன. நான் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.