தலைமாட்டில் கால் நீட்டியவன்

மோலோன் தூரிகை எடுத்தால் விருந்துதான். குடிகிண்ணத்துக்கு உள்ளே, வெளியே, எங்கே பார்த்தாலும் கட்டிலில் சாய்ந்து மது குடிக்கும் பெரிய மனிதர்கள். கிண்ணம் வனைவது நான். படம் எழுதுவது அவன். பக்கத்திலேயே 'எழுதியவன் மோலோன்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வான். வனைந்தவன் பெயருக்கு இடம் இருக்காது. போகட்டும்.

இத்தனைக்கும் ஐயா எந்த விருந்திலும் காலடி வைத்ததில்லை. ஏதென்ஸில் எங்கள் குயவர் தெருக்காரனை எவன் கூப்பிடுவான்? ஒருநாளாவது அவர்களோடு சரிசமமாகச் சாய்ந்து குடிக்க வேண்டும் என்று அவனுக்கு உயிர் போகிற ஆசை.

எண்ணெய்ச் செக்கும் குதிரைகளும் வைத்திருக்கும் புண்ணியவான் காலிப்போஸ், எங்கள் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, "விருந்துக்கு நீயும் வாய்யா" என்று அவனிடம் சொல்லித் தொலைத்தார். மூன்று நாளாகக் குளித்துக்கொண்டே இருந்தான் மோலோன்.

"எப்படிப் படுக்கணும்னு தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"யாருக்கு, எனக்கா? இருநூறு பேரைப் படுக்க வச்சவன்டா நான். நீ போய் மண்ணை மிதி!"

கிண்ணக் கூடையைச் சுமந்துபோன நான் வாசலில் நின்று பார்த்தேன். கட்டிலுக்கு இருவர். எல்லாரும் இடது முழங்கையை ஊன்றி, வலது கையில் கிண்ணம் பிடித்திருந்தார்கள். காலிப்போஸ் தன் கட்டிலிலேயே மோலோனுக்கு இடம் கொடுத்தார். நம்மாள் இடதுகைக்காரன். படத்தில் அத்தனை பேரையும் சரியாகச் சாய்த்தவன், தனக்கென்று வந்தபோது வலது முழங்கையை ஊன்றினான். அதற்குத் தோதாகத் தலையைக் கால்மாட்டில் வைத்தான். பாதம் இரண்டும் காலிப்போஸின் மூக்கருகே போய் நின்றன.

"யோவ், மண்ணு மிதிக்கிற காலை என் மூஞ்சியில ஏன்யா நீட்டுற?"

கூடம் வெடித்தது. குழல் ஊதியவள்கூட ஊதுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். மோலோனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலிப்போஸின் வேலையாள் மோலோனைத் தேடி வந்தான். "இன்னும் ஆறு கிண்ணம் வேணுமாம். உள்ளே அடியில, தலைமாட்டுல கால் நீட்டினவன் படம். மதுவைக் குடிச்சு முடிச்சதும் எல்லாரும் பார்த்துச் சிரிக்கணுமாம். முகம் அச்சு அசலா உன் முகமா இருக்கணுமாம்."

"முடியாதுன்னு சொல்லுடா" என்றேன் மோலோனிடம்.

"பெரிய இடத்து வாடிக்கை. வாயை மூடிட்டு வனை."

ஆறும் சூளையிலிருந்து வந்தன. அவன் கையில் அதைவிட நல்ல வேலை வந்ததில்லை. விருந்துக்குள் நுழைந்தபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே அதில் இருந்தது. கிண்ணங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் அவன் பெயர் இல்லை.

வனைந்தவன் பெயர் எழுத இப்போது நிறைய இடம் இருந்தது. நானும் எழுதவில்லை.