கொசுவலைக்குள் கேரட் பூ

கூட்டத்தைக் கண்டு நான் அஞ்சியதில்லை. பட்டிமன்றத்தில் நடுவர் மணியடித்த பிறகும் வாதத்தை முடித்துவிட்டே மேடையிலிருந்து இறங்குவேன். அத்தகைய என்னை நடுங்க வைத்தது, சிட்லபாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் பூத்த ஒரு கேரட் செடி.

சமைக்க மறந்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வாரக்கணக்கில் கிடந்து துளிர்விட்ட கேரட்டை அக்கா தொட்டியில் நட்டாள். குளிரில் கிடந்த கிழங்குதான் பூக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். படித்தது பலித்தது. இடுப்பளவு தண்டு எழுந்தது. கொத்தமல்லிப் பூவைப் பெரிதாக்கினாற்போல் வெள்ளைக் குடைகள் விரிந்தன. தேனீக்கள் வந்தன, ஈக்கள் வந்தன, குளவிகளும் வந்தன.

சென்ற ஆண்டு ஒரே ஒரு குளவி கொட்டியதில் அக்காவுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. தாம்பரத்து மருத்துவமனை ஒன்றில் பிழைத்து எழுந்தாள். அடுத்த முறை இன்னும் மோசமாகலாம் என்றார் மருத்துவர்.

"வெட்டிடலாம்க்கா. கேரட் கடைல கிடைக்கும், நீ கிடைப்பியா?"

"மைக்க ஆஃப் பண்ணுடி. பூச்சி வரலன்னா விதை ஏது? இவ்ளோ வளத்தது வெறும் பூவுக்கா?"

பாதி தோற்றேன். குடைகளைக் கொசுவலையால் மூடி, பூச்சியின் வேலையை நானே ஏற்றேன். கேரட் பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும். அதை ஏற்கும் சூல்முடி சில நாள் கழித்தே முதிரும். ஆகவே, புதிதாய் விரிந்த குடையின் மகரந்தத்தை முன்பே விரிந்த குடைக்குக் கொண்டுபோக வேண்டும். காலைதோறும் வலையைத் தூக்கி, மேக்கப் பிரஷால் தடவினேன். ஒவ்வொரு ரீங்காரத்துக்கும் பிரஷை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தேன். விதை பிடிக்கும்வரை அக்கா மாடிக்கு வரக்கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒருநாள் வந்துவிட்டாள். "விதை புடிச்சிருக்காடி?" என்று குனிந்தாள். நான் தூக்கியிருந்த வலைக்கு அடியிலிருந்து கிளம்பிய குளவி, அவள் மணிக்கட்டில் அமர்ந்தது. அசையாதே என்று சொல்ல வாய் திறந்தேன், குரல் எழவில்லை. அது விரலிடுக்குவரை நடந்தது. நின்றது. பறந்தது.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "விதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெட்டிடு."

கத்தரிக்கோலோடு திரும்பினேன். முதலில் பூத்த குடைகளில் இதழே இல்லை. அவை உள்நோக்கிக் குவிந்து, சிறு முட்கள் முளைத்த பச்சை விதைகளைப் பொத்தி வைத்திருந்தன. தேனும் மகரந்தமும் தீர்ந்த அவற்றில் இனி எந்தப் பூச்சிக்கும் வேலையில்லை. கடைசியாய் விரிந்த வெள்ளைக் குடைகளை மட்டும் வெட்டி, பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். பிறகும் கீழே இறங்க மனம் துணியவில்லை. மாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, அந்தக் குவிந்த குடைகளை ஏதேனும் தேடி வருகிறதா என்று வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.